மேஜர் ஆரோக்கிய மேரியும் ஒரு காதுகுத்தும்

அந்தச் செய்தி எனக்கு மோகனூரிலிருந்து வந்தது. மேஜர் ஆரோக்கிய மேரியின் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் பல ஆண்டுகள் குடியிருந்தவள் நான். இப்போதும் என் வீட்டிலிருந்து அங்கே நடந்து போய்விடலாம். ஆனாலும் அவர் மருத்துவமனையில் கண்மூடிய அந்தக் காலையில் என்னைக் கூப்பிட்டது காவிரிக்கரையில் இருக்கும் கதிர்வேல். மேஜரின் கைபேசியில் அவசரத்துக்கென்று முதலில் இருந்தது அவருடைய எண்.

"டீச்சர், மேடம் போயிட்டாங்க. உங்களுக்குச் சொன்னாங்களா?"

இல்லை என்றேன்.

"நான் பொறப்பட்டு வாரேன். நீங்க முன்னாடி போயி நில்லுங்க. அவங்க தனியா இருக்கக் கூடாது."

கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு முறை சரிபார்ப்பது என் வழக்கம். அன்று அது தோன்றவில்லை. கதிர்வேல் சொன்னபடி போய் நின்றேன்.

மறுநாள் தேவாலயப் பங்கு அறிவிப்பில் 'ஓய்வு பெற்ற செவிலியர்' என்று போட்டிருந்தார்கள். அதில் தவறில்லை, ராணுவ மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து அவர் பெற்ற 'மேஜர்' பதவி மட்டும் விட்டுப்போயிருந்தது. அவரை அறிந்த, இதைப் படிக்கும் முன்னாள் ராணுவத்தினரான உங்களில் பலருக்கு அது உறுத்தியதாகச் சொன்னீர்கள். அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், அந்தச் சொல் விட்டுப்போவது அவருக்குப் புதிதில்லை.

வீட்டு கேட்டில் பெயரும் பதவியும் எழுதிய சிறு பலகை ஒன்று தொங்கும். தபால் கொண்டுவருபவர்கள் அதைப் படித்துவிட்டு, கதவைத் திறக்கும் வெள்ளைமுடிப் பெண்ணிடம், "மேஜர் சார் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பார். "இல்லீங்கம்மா, சார் கையெழுத்துப் போடோணும்" என்பார்கள். சரி என்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சார்கிட்டக் கேட்டுட்டேன். நானே போட்டுடலாம்னு சொல்லிட்டார்" என்பார். ஒருமுறை ராணுவ கேன்டீனில் பொருள் எடுத்துக் கொடுத்த பையன், "வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்டுங்கம்மா?" என்று கேட்டான். மேஜர் திருமணம் செய்துகொள்ளாதவர். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். "அவர் இன்னும் கிடைக்கலப்பா. தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற நான் சோப்பு டப்பாக்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அதிகம் பேசாதவள். அவரோ யாரைப் பார்த்தாலும் முதலில் பெயரைக் கேட்பார். கீரை விற்பவர், சிலிண்டர் தூக்கி வருபவர், ஆட்டோ ஓட்டுபவர், யாராக இருந்தாலும் சரி. ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம்கூடப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். இது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், இது என்ன பழக்கம் என்று கேட்டுவிட்டேன்.

"சண்டை நேரத்துல ஒருத்தனைக் கொண்டுவந்து இறக்குனாங்க. சட்டையை வெட்டி எடுத்தாச்சு, கழுத்துல பேர் போட்ட தகடு இல்ல. பேர் யாருக்கும் தெரியல. காலையில என் கையைப் புடிச்சவன் சாயங்காலம்தான் விட்டான். இந்தியில மகனேன்னு, 'பேட்டா, பேட்டா'ன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவனுக்குன்னு இருந்த பேரை நான் ஒரு தடவைகூடச் சொல்லல."

மிச்சமிருந்த மொச்சையை உரித்து முடித்தார். போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். நானும் மறுபடி கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்ததும் பேருந்து ஏறிவிடுவார். சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றியுள்ள ஊர்களில் ராணுவத்திலிருந்து திரும்பிவந்தவர்களின் வீடுகளுக்குப் போவார். முழங்கால் வலி கூடிய பிறகு என் காரில் அழைத்துப் போகத் தொடங்கினேன். இது எந்த அமைப்பின் சார்பில், யார் கேட்டுப் போகிறீர்கள் என்று முதல் நாளே விசாரித்தேன். "அமைப்பா? அதெல்லாம் இல்ல புரொபசர். பஸ் இருந்துச்சு, போனேன். இப்ப உன் கார் இருக்கு" என்றார். நான் பேராசிரியர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் அந்தப் பட்டத்தை விடவில்லை. தன் பட்டத்தைப் பிறர் விழுங்கியதற்கு எனக்குக் கூடுதலாக ஒன்றைக் கொடுத்து ஈடுகட்டிக்கொண்டார் போலிருக்கிறது.

இளம்பிள்ளையில் ஒரு வீட்டுக்கு அடிக்கடி போவோம். கணவர் எல்லையிலிருந்து திரும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் வாசலைப் பார்த்து உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மனைவி ஜெயந்தி வீட்டில் எல்லாத் தட்டுகளையும் வாசல் பார்த்தே வைக்கப் பழகியிருந்தார். குழந்தைகளும் வரிசையாக வாசலைப் பார்த்தே சாப்பிட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். மேஜர் அங்கே போனால் கணவருடன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஜெயந்தியுடன் அடுக்களையில் வெகுநேரம் இருப்பார். ஒருநாள் திரும்பும் வழியில், "அவனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க நாலு பேர் இருக்காங்க. இவ ராத்திரி தூங்குறாளான்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். பிறகு, பாயாசம் நன்றாக இருந்தது என்றார்.

கதிர்வேலை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு சுதந்திர தின விழாவில். நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு என்று அழைத்திருந்தார்கள். மேஜரைக் கொண்டுபோய் ராணுவத்தினரின் மனைவியர் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆண்களுக்குப் பொன்னாடை, பெண்களுக்கு எவர்சில்வர் தூக்கு. அவர் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார். "குடுக்கிறவங்க சந்தோஷமாக் குடுக்கிறாங்க, மேடையில நின்னு பாடம் எடுக்கச் சொல்றியா?" என்று என்னை அடக்கினார். அந்தத் தூக்கில்தான் கடைசிவரை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அதே விழாவில் கதிர்வேலை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். எல்லையில் கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகியிருக்காது. வேட்டி அந்தப் பக்கம் மடிந்து தொங்கியது. கூட்டம் கைதட்டியது. விழா முடிந்ததும் மேஜர் நேராக அவரிடம் போனார். பெயரைக் கேட்டார். பிறகு, "செயற்கைக் கால் குடுக்கலயா? புண்ணா?" என்றார்.

"கால் இருக்குதுங்க மேடம். நல்லாத்தான் இருக்குது. ஊட்டுல வெச்சுட்டு வந்தேன்."

"ஏன்?"

"விழாக் கமிட்டியில சொன்னாங்க. மாட்டிக்கிட்டு வந்தா சனத்துக்குத் தெரியாதாம்."

மேஜர் முகத்தில் கோபத்தை நான் கண்டது அன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை மோகனூருக்கு விடச் சொன்னார்.

கதிர்வேல் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் வேலை பார்க்கிறார். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகும் சாலையோரம். மனைவி சுமதி, அம்மா, அடுத்த தெருவில் தங்கை கலாமணி. எல்லோரும் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கேட்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். எழுந்தால் இரண்டு பேர் ஓடி வருவார்கள். குறை சொல்ல எதுவுமில்லாத வீடு. அதுதான் சிக்கல் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

ஒருநாள் நாங்கள் அங்கே இருந்தபோது கலாமணி தாம்பாளத்தோடு வந்தார். மகள் யாழினிக்குக் குலதெய்வக் கோவிலில் காதுகுத்து. இந்தப் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மடி அவனுடைய உரிமை, வேறு யாரும் அதைக் கேட்டு வாங்க முடியாது. கலாமணி வெற்றிலையை மேஜரிடம் நீட்டிக்கொண்டே, "மணையில செந்தில் அண்ணன் உக்காந்துக்கறதாப் பேசி முடிச்சுட்டமுங்க. இவரை எதுக்குச் சிரமப்படுத்தறதுன்னு" என்றார். செந்தில் அவர்களுடைய சித்தப்பா மகன்.

கொட்டகையில் கம்பி சுற்றும் சத்தம் நின்றது. மேஜர் திரும்பிப் பார்த்தார்.

"கதிர், உனக்கு இது சம்மதமா?"

அம்மா முந்திக்கொண்டார். "அம்மிணி, அவன் நாட்டுக்குக் குடுத்தது பத்தாதுங்களா? இன்னும் அவனைப் போயி சபையில, மணையில உக்காருன்னு சொல்லோணுமா? அவனை நல்லா வெச்சுக்கோணும்னுதான் நாங்க பார்க்கறோம்."

"நான் அவனைத்தான் கேட்டேன்."

கதிர்வேல் கையிலிருந்த செம்புக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில், "கொழந்தை மடியிலருந்து உழுந்துட்டா என்னங்க பண்றது?" என்றார்.

திரும்பும் வழியில் நானும் மேஜரும் வாதாடினோம். தாய்மாமன் மடி என்பதே எனக்கு ஒப்பாத விஷயம். அத்தை மடியில் வைத்தால் காதில் ஓட்டை விழாதா என்று கேட்டேன்.

"விழும். நீ அதுக்கு ஒரு கட்டுரை எழுது, நான் படிக்கிறேன். அவனுக்கு இப்ப மடி வேணும்."

"வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பான். 'குழந்தை விழுந்துட்டா?'ன்னு கேட்டான் பாரு. கனவுல எத்தனை தடவை அதை மடியில வெச்சுப் பார்த்திருக்கானோ."

நாமக்கல் வந்ததும் காபி குடித்தோம்.

முயன்று பார்க்கக் கதிர்வேல் சம்மதித்தார், அடுத்து வந்த ஞாயிறுகள் ஒத்திகைக்குப் போயின. குழந்தைக்குப் பதிலாக ஒரு பெரிய பரங்கிக்காய். கதிர்வேல் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்றார் மேஜர். மணையில் சம்மணம் போட்டு உட்காருவதுதான் முறை என்று அம்மா சொல்லிவிட்டார். செயற்கைக் காலோடு சம்மணம் போட முடியவில்லை. முட்டியின் இரும்பு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பரங்கிக்காய் உருண்டு கோழிக்கூடு வரைக்கும் போனது. எடுத்து வைத்தால் மறுபடியும் போனது.

"காது குத்தறதுக்கு முந்தியே புள்ள ஓடிப்போச்சு. மாமன் மூஞ்சியப் பார்த்துப் பயந்துருச்சாட்டம் இருக்குது!" என்றார் சுமதி.

"உன்ற மூஞ்சியப் பார்த்து நான் ஓடலையே" என்றார் கதிர்வேல். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் காலில் இருந்த பட்டையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மேடம், இதைக் கழட்டிடறேன். இரும்பு கொழந்தைய இடிக்கும்."

மேஜர் தயங்கினார். அவருடைய திட்டத்தில் அது இல்லை. "சபையில, எல்லார் முன்னாடியும் கழட்டுவியா?"

"அன்னிக்கு மேடைக்கு அவங்க கழட்டிட்டு வரச் சொன்னாங்க. இது நானாக் கழட்டறது."

மேஜர் அவர் தோளில் ஒருமுறை தட்டினார்.

காலைக் கழற்றியதும் மணையில் உட்கார முடிந்தது. ஆனால் மடியின் வலப்பக்கம் பள்ளமாக இருந்தது. சுமதி உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு கை நிறையத் துணியோடு வந்தார். எல்லாம் பொன்னாடைகள். விழா விழாவாக வாங்கியவை. "போத்துனா வேர்க்குது, விரிச்சாச் சறுக்குது. எதுக்குடா ஆகும்னு இருந்தேன். இதுக்காவது ஆகட்டும்" என்றார். மேஜர் அவற்றை மடித்து அடுக்கி, சறுக்காமல் இருக்கப் பழைய பருத்தி வேட்டியால் சுற்றிக் கட்டினார். முழங்கால் வலியில் முனகுகிற பெண்ணின் கைகள் அப்போது வேறு யாருடையவையோ போல ஓடின. கட்டி முடித்து ஒரு தட்டு தட்டினார். பரங்கிக்காய் அசையாமல் உட்கார்ந்தது.

கதிர்வேலுக்காக மேஜர் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசவில்லை. கதிர்வேலே தங்கை வீட்டுக்கு நடந்து போய், "கலா, மடி என்னுது" என்றாராம். "உனக்கு வேண்டாமோன்னு நெனச்சோம்ண்ணா" என்று கலாமணி அழுதுவிட்டார். செந்திலுக்கு வருத்தமில்லை. "அப்பாடா! அந்தப் புள்ள என்னையக் கண்டாலே ஊரைக் கூட்டுதுண்ணா" என்றாராம்.

காதுகுத்து அன்று கோவில் மண்டபம் நிறைய உறவுக்காரர்கள். கதிர்வேல் மணையருகே போய் நின்று, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, காலைக் கழற்றினார். பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. கழற்றிய காலை எங்கே வைப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. மேஜர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சுமதி பொன்னாடைக் கட்டை வைத்து, வேட்டியைச் சரிசெய்து, யாழினியைத் தூக்கி மடியில் உட்கார வைத்தார்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை குனிந்து பார்த்தது. "மாமா, உங்க கால் எங்க?"

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதா பாரு, பாட்டி வெச்சிருக்காங்க" என்றார் கதிர்வேல்.

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். பட்டுப்புடவையில் விறைப்பாக நின்றிருந்த மேஜர் ஆரோக்கிய மேரி, அந்தக் காலை உயர்த்தி இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். டாட்டா காட்டுவது போல. குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்கு ஏமாறவில்லை, துள்ளித் துடித்து அழுதாள். மாமனின் கைகள் அவளைப் பிடித்திருந்தன. மடி அசையவில்லை.

அன்று எடுத்த புகைப்படம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. நடுவில் வாய் பிளந்து அழும் குழந்தை, அதைவிடப் பெரிதாகச் சிரிக்கும் மாமன். படத்தின் ஓரத்தில் ஒரு முதியவள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன கைப்பையைப் போல ஒரு காலை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். மேஜரிடம் இருந்த பதக்கங்களை நான் பார்த்ததில்லை. இருந்தன என்று இறந்த பிறகுதான் தெரிந்தது. இந்தப் படத்தை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "அன்னிக்கு எனக்கு டியூட்டி கால் புடிக்கிறது" என்பார்.

கடைசி வாரங்களில் அவர் அதிகம் கஷ்டப்படவில்லை. மருத்துவமனையில் செவிலியர் மாறும்போதெல்லாம் பெயர் கேட்டார். கேட்க முடியாமல் போன நாட்களில் நான் கேட்டு அவர் காதில் சொன்னேன். கண்ணை மூடித் திறப்பார். முதலில் அது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஊன்றுகோலோடும் செயற்கைக் கால்களோடும் கல்லறைத் தோட்டத்து மேட்டில் வெயிலில் நின்றீர்கள். ஜெயந்தியும் கணவரும் வந்திருந்தார்கள். அவர் கேட்டைப் பார்த்து நின்றார், ஜெயந்தி அவர் முதுகுப்பக்கம் நின்றுகொண்டார். யாரோ ஒருவர் பெட்டியின் மேல் பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். இறக்குவதற்கு முன் அதை எடுத்தபோது, சுமதி வாங்கி நீள மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். "வீணாப் போகக் கூடாதுங்க. அடுத்த மாசம் வேலை இருக்குது" என்றார். சிலருக்கு அதிர்ச்சி. எனக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அந்த வேலை என்னவென்று கதிர்வேல் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று சொன்னார். கலாமணிக்கு இரண்டாவது குழந்தை. அதற்கும் காதுகுத்து வைத்திருக்கிறார்கள்.

"இந்தத் தடவை ஒரு வார்த்தை என்னையக் கேக்கலைங்க டீச்சர். அவங்களா மாமன் மடின்னு பத்திரிகையில என் பேரை அடிச்சுட்டாங்க. எனக்கு என்ன சோலி இருக்குது, முடியுமா, முடியாதா, ஒண்ணுங் கேக்கலை" என்று அலுத்துக்கொண்டார். முகத்தில் அலுப்பே இல்லை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "காலை யாரு புடிக்கறதுன்னுதான் தெரியல."

மேஜரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை அதிகமில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தூக்கு. அந்தப் புகைப்படம். விழா மேடைகளை அவர் மாற்றவில்லை, என் சந்தேகங்களையும் மாற்றவில்லை. தாய்மாமன் மடியைப் பற்றிய கட்டுரையை ஒருநாள் எழுதத்தான் போகிறேன்.

"காலை நான் பிடிக்கிறேன்" என்றேன் கதிர்வேலிடம். பிறகு கேட்டேன், "குழந்தை பேரென்ன?"